தகடு வைக்காத காலை

விடிந்தும் விடியாத நேரம். கூரைத் தகரத்தின் இடுக்குகளில் இப்போதுதான் வெளிச்சம் எட்டிப் பார்த்தது. அதற்குள் பெரிய பிரஸ்ஸின் முன்னால் நின்ற அண்ணியின் ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது. இரும்புப் பட்டையை எடு, டை அச்சில் வை, கையை இழு, மிதியை அமுக்கு. கட்டில் அகலத்துக்கு ஒரு மேல்கட்டை மடாரென்று இறங்கும். தரை அதிரும். அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறிப் பல்லில் போய் முடியும். அடிபட்ட பட்டை கதவுக் கீலாகிக் கிடக்கும். எடுத்துத் தொட்டியில் போடு, மறுபடி அடுத்த பட்டை. எண்ணெயும் சுட்ட இரும்பும் கலந்த வாடை மூக்கிலேயே குடியிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் குளித்தாலும் கூடவே வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

"ஆச்சு அண்ணி," என்றது வலது பக்கத்துக் குரல். மிதியை அமுக்கினாள். மடார்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி அவளுடைய நாத்தனார். பட்டறையில் அவளுக்கு வாயாடி என்று பெயர். புருஷனை உதறிவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்த மறுவாரமே, "உட்கார்ந்து தின்ன மாட்டேன்" என்று இங்கே வந்து நின்றவள். அவள் வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் பட்டறை மொத்தத்துக்கும் இவள் அண்ணியாகிவிட்டாள். மெஷினில் டை மாட்டிச் சரிபார்க்கும், மீசை நரைத்த செட்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

வீட்டில் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. அடுப்பை யார் முதலில் பற்றவைப்பது, தண்ணீர்க் குடத்தை யார் காலியாக வைத்தது, எல்லாவற்றுக்கும் ஒரு முகத்தூக்கல். நடுவில் அண்ணன்காரன் காது கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருப்பான். ஆனால் பிரஸ் முன்னால் நின்றுவிட்டால் இருவருக்கும் ஒரே மூச்சு. இடது பக்கம் அண்ணி கீல் அடிப்பாள், வலது பக்கம் வாயாடி மெல்லிய தகரத்தில் டப்பா மூடி அடிப்பாள். இரண்டு டை, ஒரே அடி. வாயாடி கையை எடுத்துவிட்டு "ஆச்சு" என்று சொல்லாமல் அண்ணியின் கால் மிதியைத் தொட்டதில்லை.

முன்பெல்லாம் வலது பக்கம் டை கிடையாது. அங்கே சும்மா ஒரு இரும்புக்கட்டை நிற்கும். எதையும் வெட்டாது, எதையும் வளைக்காது. இடது பக்கத்தில் கீல் வாங்குகிற அடியை வலது பக்கம் அது வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. அதனால் மேல்கட்டை இரண்டு தூண்களுக்கு நடுவே நேராக இறங்கி நேராக ஏறும். முதலாளி ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்தவர் அந்தக் கட்டையைக் கைத்தடியால் தட்டினார்.

"இது என்ன பண்ணுது?"

"சும்மா நிக்குது முதலாளி. அது நின்னாத்தான் பாரம் ரெண்டு பக்கமும் சமமா விழும்," என்றார் செட்டர்.

"சும்மா நிக்கிறதுக்கு என் மெஷின்ல இடம் கிடையாது."

கட்டை பழைய இரும்புக்காரனின் வண்டியில் ஏறிப் போனது. அந்த இடத்தில் மூடி டை வந்தது. ஒரே அடியில் இரண்டு சரக்கு என்று முதலாளிக்கு வாயெல்லாம் பல். கீல் பட்டை விரல் கனம். மூடித் தகரமோ காகிதத்துக்கு அண்ணன். இடது பக்கம் மலையை இடித்த மாதிரி தடுக்க, வலது பக்கம் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்க, மேல்கட்டை ஒவ்வொரு அடிக்கும் வலது பக்கம் தோள் சாய்த்தது. சாய்ந்து சாய்ந்து தூணின் ஓடுபாதை தேய்ந்தது. தேயத் தேய இன்னும் சாய்ந்தது. அப்போது இருந்த இன்ஜினியர் நல்ல மனுஷன். அளந்து பார்த்து, மெஷினை நிறுத்தி ஓடுபாதையைச் சரிசெய்ய வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனுஷன் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் போக இடம் இருந்தது.

மெஷின் சாய்ந்தால் சரக்கின் ஒரு ஓரத்தில் பிசிறு வரும். பிசிறு வந்த சரக்கைக் கழித்து, அதைக் கூலியிலும் கழித்தார்கள். தலையெழுத்தே என்று இருக்க முடியுமா? ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டையின் அடியில் சாய்வுக்குத் தகுந்தபடி மெல்லிய தகட்டுத் துண்டு சொருகுவது. அப்படிச் சொருகினால் சாய்ந்து வரும் மேல்கட்டைக்கு ஏற்ப டையும் சாய்ந்துகொடுக்கும். சரக்கு கண்ணாடி மாதிரி வரும். அண்ணி பிஸ்கட் டப்பாவை வெட்டி வைத்திருப்பாள். வாயாடி சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாளை மடித்து மடித்து வைப்பாள். இரண்டாம் ஷிப்டில் ஒரு குண்டக்கா இருந்தாள், அவளுடையது பவுடர் டப்பா. எந்த ஷிப்டில் பிசிறு குறைவு என்று போட்டி வேறு! "உங்க தகடெல்லாம் ஒரு தகடா? நான் வெச்சா மெஷின் மூச்சு விடாது," என்று குண்டக்கா ஷிப்ட் மாறும்போது சொல்லிவிட்டுப் போவாள். வாயாடி விடுவாளா? "மெஷின் எங்க மூச்சு விடும், நீங்க முன்னாடி நின்னா காத்தே வராதே!" என்பாள். பட்டறையே சிரிக்கும்.

தகடு இல்லாவிட்டால் பிரஸ் இரண்டு சத்தமாக விழும், தட்-டக் என்று. தகடு வைத்தால் ஒரே மடார். அந்த ஒரே மடாரைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் ஒன்று மறந்துபோனது. தகடு சரக்கை மட்டும்தான் நேராக்கியது. மேல்கட்டை முன்னைவிட மோசமாகச் சாய்ந்துகொண்டுதான் இருந்தது.

அன்றைக்கும் ஒரே மடாராகத்தான் விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் தரைக்கு வந்த நேரத்தில் வாயாடி "ஆச்சு" என்றாள். அண்ணி அமுக்கினாள். மேல்கட்டை பாதி வழி இறங்கி, கிறீச்சென்று ஓடுபாதையில் மாட்டி நின்றது. வாயாடியின் மூடித் தகரம் கோணலாகக் கிடந்தது. "நின்னுபோச்சு அண்ணி" என்று சொல்லிக்கொண்டே அதை இழுக்கக் கையை விட்டாள். அண்ணியின் கால் தரையில் இருந்தது, மிதியில் இல்லை. பிற்பாடு எத்தனையோ முறை அதை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாட்டியிருந்த மேல்கட்டை தானாக விடுபட்டு விழுந்தது.

வாயாடிக்கு வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சின.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள், அண்ணியும் செட்டரும் இன்னும் இரண்டு பேரும் முதலாளியின் அறைக்குப் போனார்கள். குளுகுளு அறை. வியர்வையோடு போனவர்களுக்கு உடம்பு நடுங்கியது.

"முதலாளி, மெஷின் சாயுது. பாதியில மாட்டி நின்னுச்சு. அதனாலதான் அவ கைய விட்டா," என்றாள் அண்ணி.

முதலாளி மேஜையின் மேலிருந்த ஒரு கீலை எடுத்து ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இது எந்த மெஷின்ல அடிச்சது?"

"எங்க மெஷின்தான்."

"எப்போ?"

"அன்னைக்குக் காலையில."

"பிசிறு இருக்கா? தொட்டுப் பாரு."

அண்ணி தொடவில்லை. இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தகட்டை வைத்தவளே அவள்தானே.

"பீஸ் சரியா வருது. பீஸ் சரின்னா மெஷின் சரி. மெஷின் சரின்னா தப்பு எங்க இருக்கு? கையில."

"நாங்க தகடு வைக்கிறதாலதான் சரியா வருது முதலாளி," என்றார் செட்டர்.

"என்ன தகடு? நான் வைக்கச் சொன்னேனா? யாரைக் கேட்டு என் மெஷினுக்குள்ள கண்டதையும் சொருகினீங்க?" முதலாளி அண்ணி பக்கம் திரும்பினார். "மிதி உன் கால்லதானே இருந்துச்சு?"

அண்ணி குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"நான் எதுவும் சொல்ல வரலை," என்று முதலாளி குரலை இறக்கினார். "ஆஸ்பத்திரியில இருந்து தகவல் போய், நாளைக் காலையில சர்க்கார் அதிகாரி வர்றாரு, மெஷினைப் பார்க்க. அவர் முன்னாடி நல்லதா நாலு பீஸ் அடிச்சுக் காட்டு. வலது பக்கம் ரெண்டாம் ஷிப்ட்காரி நிப்பா. நல்லபடியா முடிஞ்சா, உன் நாத்தனாரைப் பெருக்குற வேலைக்காவது வெச்சுக்கலாமான்னு பார்க்கிறேன். மெஷின் தப்புன்னு எழுதிட்டுப் போனா, எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

எவ்வளவு தாராளம் பாருங்கள்! கையை வாங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுக்கிறார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வாயாடியை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அண்ணி அவளுடைய ரவிக்கைக் கொக்கிகளை மாட்டிவிட்டாள். வாயாடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் ஒருவர்மேல் ஒருவர் கை பட்டது அன்றைக்குத்தான். தட்டில் சாப்பாடு போட்டு நீட்டியபோது வாயாடியின் முகம் சுருங்கியது.

"கடைசியில உட்கார்ந்து தின்ன வெச்சுட்டீங்க."

"சாப்பிடு. பேச்சு அப்புறம்."

இடது கையால் அள்ளினாள். பாதி மடியில் கொட்டியது. அண்ணன்காரன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். அவன் தோள் குலுங்குவது உள்ளேயிருந்தே தெரிந்தது.

அண்ணி முதலாளி சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். வாயாடி கேட்டுவிட்டு, "துடைப்பம் பிடிக்க எத்தனை விரல் வேணும் அண்ணி?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "அடிச்சுக் காட்டிட்டு வாங்க. நாலு பீஸ்தானே? எனக்கு அந்தத் துடைப்பமாவது வேணும். உங்க கையைப் பார்த்துக்கிட்டு இந்த வீட்டுல கிடந்தா நான் செத்துப்போயிடுவேன்."

அண்ணிக்குச் சுருக்கென்றது. கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று தோன்றியது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"என் இடத்துல யாரு நிக்கப்போறா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள் வாயாடி.

"குண்டக்கா."

பிறகு வாயாடி ஆணியில் தொங்கிய தன் வேலைத்துணியின் பைக்குள் இடது கையை விட்டுத் துழாவினாள். மடித்த வெள்ளித்தாள்கள் பாயில் உதிர்ந்தன.

"எல்லாம் நான் மடிச்சது. எவ்வளவு பெருமையா மடிச்சேன்! மெஷின் சரின்னு அந்த ஆளு அடிச்சுப் பேசறாரே, அதுக்குச் சாட்சி யாரு? நான் வெச்ச தகடு. நீங்க வெச்ச தகடு. நாமளே மூடி மூடி வெச்சிருக்கோம் அண்ணி. குண்டக்கா கையும் போகும், நாளைக்கும் ஒரு பீஸ் கண்ணாடி மாதிரி வரும்." ஒரு மடிப்பை எடுத்து இடது கையால் கசக்கினாள். "நாளைக்கு வைக்காதீங்க."

"துடைப்பம்?"

"துடைப்பம் கிடக்கு."

வைக்காமலிருப்பது ஒரு ஆளின் காரியமில்லை. அண்ணி வைக்காவிட்டால் செட்டர் வைக்கலாம், செட்டர் வைக்காவிட்டால் வலது பக்கம் நிற்பவள் வைக்கலாம். ஒருத்தர் வைத்தாலும் போதும், எல்லாம் மூடிக்கொள்ளும். மறுநாள் பொழுது புலரும்போது, ஷிப்ட் தொடங்குமுன், கை கழுவும் குழாயடியில் அண்ணி எல்லாரையும் நிறுத்திக் கேட்டாள்.

"தகடு வைன்னு முதலாளி என்னைக்காவது சொன்னாரா? இல்லைன்னு அவர் வாயாலேயே சொல்லிட்டாரு. அப்ப இன்னைக்கு அவர் பேச்சைக் கேப்போம். மெஷின் எப்படி இருக்கோ அப்படியே ஓடட்டும். கையை மட்டும் யாரும் உள்ள விட வேண்டாம். நீள இடுக்கியில வெப்போம், இடுக்கியில எடுப்போம்."

"சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார் செட்டர். "அதிகாரி வேற யாரு? அந்தக் குளுகுளு ரூம்ல உட்காரப் போற ஆளுதானே. பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி போவாரு. நமக்குக் கதவு சாத்துவாங்க."

"சாத்தலாம்," என்றாள் அண்ணி.

செட்டர் குழாயை மூடினார். பிறகு சட்டைப்பையிலிருந்த தகடுகளை எடுத்து, சாக்கடையில் ஒவ்வொன்றாக விட்டார். மற்றவர்களும் பையைத் துழாவினார்கள். குண்டக்கா மட்டும் ஒதுங்கி நின்றாள். அவள் இரண்டு பிள்ளைகளையும் படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனையும் ஒற்றை ஆளாகத் தாங்குகிறவள்.

"எனக்குப் பின்னாடி மூணு உசுரு இருக்கு அண்ணி," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் பையில் பவுடர் டப்பாத் துண்டுகள் கிலுகிலுத்ததை எல்லாரும் கேட்டார்கள்.

அதிகாரி வந்தார். சட்டை கசங்காத மனுஷன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரஸ்ஸுக்கு எட்டி நின்றார். முதலாளி பக்கத்தில் நின்று, "பத்து வருஷமா ஒரு குறை கிடையாது சார். கவனக்குறைவு, வேறென்ன," என்றார். பிறகு அண்ணியைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

அண்ணி இடுக்கியால் பட்டையை வைத்தாள். வலது பக்கம் குண்டக்கா இடுக்கியால் தகரத்தை வைத்தாள். அவள் டைக்கு அடியில் எதையாவது சொருகினாளா என்று அண்ணிக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

"ஆச்சு," என்றாள் குண்டக்கா.

அண்ணி அமுக்கினாள்.

தட்-டக்.

எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த இரண்டு சத்தம். செட்டர் இடுக்கியால் கீலை எடுத்து அதிகாரிக்கு எதிரே பலகையில் வைத்தார். ஒரு ஓரம் முழுக்கப் பிசிறு, ரம்பம் மாதிரி. முதலாளியின் முகம் கறுத்தது.

"இன்னொண்ணு அடி."

தட்-டக். இன்னும் மோசம். மூன்றாவது அடிக்கு மேல்கட்டை பாதி வழி இறங்கி, வலது தோளைச் சாய்த்து, கிறீச்சென்று நின்றது. வாயாடியின் அந்தக் காலை அப்படியே திரும்பி வந்து எதிரில் நின்ற மாதிரி இருந்தது. மூடித் தகரம் கோணலாகக் கிடந்தது. அண்ணி கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். குண்டக்காவும் கட்டிக்கொண்டாள். பட்டறையில் இருந்த எல்லாருமே, எட்டத்தில் நின்றவர்கள்கூட, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். மிதியில் யார் காலும் இல்லை. ஒருமுறை மூச்சு இழுத்து விடுகிற நேரம். பிறகு மேல்கட்டை தானாக விடுபட்டு, தரையே பிளந்துபோகிற மாதிரி விழுந்தது.

அதிகாரி ஒரு எட்டுப் பின்வாங்கினார்.

"தகடு எங்கடி?" என்று கத்திவிட்டார் முதலாளி. "எப்பவும் வைப்பீங்களே, வைக்காம எதுக்கு ஓட்டறீங்க? தகடு வைக்காம இந்த மெஷின் ஓடாதுன்னு தெரியாது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அதிகாரி அவரைப் பார்த்தார். "என்ன தகடு?"

முதலாளி குண்டக்காவிடம் பாய்ந்தார். "நீ வை. உன் பையில இருக்கும். எடுத்து வை!"

குண்டக்கா கையைப் பைக்குள் விட்டாள். துண்டுகள் கிலுகிலுத்தன. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். குண்டக்கா பையை அப்படியே உள்வெளியாகத் திருப்பினாள். பவுடர் டப்பாத் துண்டுகள் முதலாளியின் செருப்புக்குப் பக்கத்தில் சிதறி விழுந்தன.

"இருக்கு முதலாளி. வைக்க மாட்டேன். எனக்கும் ரெண்டு கைதான் இருக்கு."

கதை இங்கேயே முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! முடியவில்லை. அதிகாரி "பார்ப்போம், பார்ப்போம்" என்று முனகிக்கொண்டே குளுகுளு அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை, நேராக வண்டியில் ஏறினார். என்ன எழுதினார், எழுதினாரா இல்லையா, யாருக்கும் தெரியாது. உச்சிவெயிலுக்கு முன்னால் எல்லாரையும் வெளியே தள்ளிப் பெரிய கதவைப் பூட்டினார்கள்.

கொஞ்சநேரத்தில் காவல்காரர் சின்னக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். அவருக்கே சொல்லப் பிடிக்கவில்லை. "மன்னிப்புக் கேக்கிறவங்க ஒவ்வொருத்தரா உள்ள வரலாமாம். அண்ணியும் குண்டக்காவும் வர வேண்டாமாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காதவர்களுக்குப் பயமில்லாமல் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செட்டர் அடுத்த வாரத்தை நினைத்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். குண்டக்கா சத்தமில்லாமல் அழுதாள். அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாளே தவிர, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காவல்காரர் கொஞ்சம் காத்திருந்துவிட்டுச் சின்னக் கதவைச் சாத்தினார்.

அப்போது தெருக்கோடியில் வாயாடி வருவது தெரிந்தது. கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வெயிலில் மெதுவாக நடந்து வந்தாள். பூட்டிய கதவைப் பார்த்தாள். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள்.

"பீஸ் எப்படி அண்ணி வந்துச்சு?"

"கேவலமா வந்துச்சு," என்றாள் அண்ணி. "ஓரம் பூரா பிசிறு."

வாயாடி சிரித்தாள். அடிபட்ட பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. இடது கையால் துடைத்துக்கொண்டாள்.

குண்டக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "இங்க வா. என் பக்கம் காத்து வராதுன்னு சொல்லுவியே, நிழலாவது வருது," என்று நகர்ந்து இடம் விட்டாள். அண்ணிக்கு வலது பக்கம், வழக்கமான இடத்தில், வாயாடி உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பிரஸ்ஸை ஓட்டிப் பார்த்தார்கள். தட்-டக். கொஞ்சநேரம் கழித்து இன்னொரு தட்-டக். அப்புறம் நின்றுவிட்டது.